போன் பில் 24,700 ரூபாய்: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் ஹார்டுவேர் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். கொண்டலாம்பட்டியில் குடோன். ஏற்காட்டில் 12 அறைகளோடு ஒரு லாட்ஜ், அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். போன், நெட் செலவு மட்டும் ஜி.எஸ்.டி.யோடு மாதம் ஏறக்குறைய 24,700 ரூபாய் ஆகிறது. கடையில் 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் 9,800. லேண்ட்லைன் மூன்று, மொத்தம் 1,050. போஸ்ட்பெய்டு சிம் 14, தலா 449. குடோன் கேமராவுக்கு பிராட்பேண்ட் 999, லாட்ஜுக்கு பிராட்பேண்ட் 1,499. ஸ்வைப் மெஷின் இரண்டுக்கு வாடகை 800. லாட்ஜ் இன்டர்காம் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) மாதக் கணக்கில் 500. இதற்கெல்லாம் மேல் வரி. சிம்கள் பாதி என் பெயரில், பாதி காலமான அப்பா பெயரில். ‘எல்லாத்தையும் தூக்கிட்டு 500 ரூபாய் ஃபைபர் போட்டா போதும்’ என்கிறான் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது. போன மே சீசனில் லாட்ஜில் மூன்று நாள் நெட் இல்லாமல் புக்கிங் பார்க்க முடியாமல் தவித்துவிட்டோம். மகன் சொல்வது சரியா?

பதில்: ஐயா, வணக்கம். லீஸ்டு லைனுக்குப் போகும் 9,800 ரூபாயைவிட, மே மாதத்தில் நெட் இல்லாமல் போன அந்த மூன்று நாள்தான் என்னை உறுத்தியது. மாதம் இவ்வளவு கொட்டியும் சீசனில் லாட்ஜ் இருட்டில் கிடந்திருக்கிறது. பணம் எல்லாம் ஊருக்குள் நாலு கம்பெனி கேபிள் வரும் கடையில் குவிந்திருக்கிறது. மரம் விழுந்தாலே அறுந்துபோகும் மலையில் ஒற்றைக் கம்பியை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். செலவைக் குறைப்பதும் நெட் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் விஷயத்தில் ஒரே வேலைதான். விலை கூடிய ஒரு லைனுக்குப் பதில், விலை குறைந்த இரண்டு லைன், இரண்டும் வேறு வேறு வழியாக வர வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

லீஸ்டு லைனில் என்ன விற்கிறார்கள்? சாதாரண ஃபைபரில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு இழையை 32 வீடு, 64 வீடு பங்குபோட்டுக் கொள்ளும். லீஸ்டு லைனில் பங்கு கிடையாது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே வேகம், இரவு எட்டு மணிக்கும் குறையாது. நல்ல சரக்குதான், இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கடையில் அது செய்யும் வேலை என்ன? டேலியில் கணக்கு, இ-வே பில், இ-இன்வாய்ஸ், பேங்க், வாட்ஸாப்பில் ரேட் அனுப்புவது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு ஏற்றினால் இ-வே பில் வேண்டும், அது இல்லாமல் லாரி நகராது என்பது உண்மை. ஆனால் அந்தப் பில் போட ஆகும் டேட்டா, உங்கள் பையன் காலையில் பார்க்கும் ஒரு ரீல்ஸைவிடக் குறைவு. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டுவிடலாம்.

‘எங்கள் லைன் 99.5 சதவீத நேரம் நிற்காது’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 720 மணி நேரம், அதில் அரை சதவீதம் 3.6 மணி நேரம். அவ்வளவு நேரம் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறியதாக ஆகாது. அதற்கு மேல் நின்றாலும் வாடகையில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவுதான். வாசலில் நின்ற லாரிக்கு வெயிட்டிங் சார்ஜ் யாரும் தர மாட்டார்கள்.

கேமரா பார்க்கவும் வீட்டிலிருந்து டேலி பார்க்கவும் ஸ்டாடிக் ஐ.பி., அதாவது மாறாத நெட் முகவரி வேண்டும், அதற்காகத்தான் லீஸ்டு லைன் என்று விற்றவர் சொல்லியிருக்கலாம். இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் கம்பெனி ஆப்பில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் வந்துவிடும், ஸ்டாடிக் ஐ.பி. தேவையில்லை. டேலிக்கு வேண்டுமென்றால் பிசினஸ் ஃபைபர் பிளானிலேயே கூடக் காசு கொடுத்து ஒரு ஸ்டாடிக் ஐ.பி. வாங்கிக்கொள்ளலாம்.

இனி அந்த ‘வேறு வேறு வழி’ விஷயம். சில வருஷத்துக்கு முன்பு ஒரு மில்லுக்கு நானே இரண்டு கம்பெனியிலிருந்து இரண்டு லைன் போட்டுக் கொடுத்தேன். இது போனால் அது என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வைக்கோல் லாரி ஒன்று ரோட்டைக் குறுக்காகக் கடக்கும் கேபிளில் மாட்டி இழுத்துக்கொண்டு போனது. போய்ப் பார்த்தால் இரண்டு கம்பெனி கேபிளும் ஒரே ஈ.பி. போஸ்டில், ஒரே கம்பியில் சுற்றிக் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. பில்தான் இரண்டு, வழி ஒன்று. அந்த மில் முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து லைன் போடுவதற்கு முன்னால் கேபிளைப் பின்தொடர்ந்து தெருமுனை வரைக்கும் நடந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நீங்களும் நடந்து பாருங்கள். புது லைன் எடுத்து வரும் பையனிடம் ‘தம்பி, எந்த போஸ்டிலிருந்து இழுக்கறீங்க’ என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். செவ்வாய்பேட்டை மாதிரி நெருக்கமான கடைவீதியில் இரண்டு கேபிளுக்குத் தனி வழி கிடைப்பது சிரமம். அதனால் கடைக்கு ஒன்று கேபிள், இன்னொன்று சிம் போடும் ரௌட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் ஒரு 1,200 ரூபாய் பிளான், சிம்முக்கு ஒரு 500 ரூபாய். இரண்டையும் ‘டூயல் வான்’ ரௌட்டர் ஒன்றில் செருகிவிட்டால், ஒன்று போனதும் அதுவே மற்றதற்கு மாறிக்கொள்ளும். பில் போடும் பெண்ணுக்கு லைன் மாறியதே தெரியாது.

ஃபைபரை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பதை உங்கள் லேண்ட்லைன்தான் முடிவு செய்ய வேண்டும். கைபேசி நம்பரை மாதிரி லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள முடியாது. 0427 போட்டு உங்கள் போர்டிலும் பில் புக்கிலும் அச்சான அந்த ஒரு நம்பர், தர்மபுரி, நாமக்கல் கடைக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும். அதைக் கொடுத்திருக்கும் கம்பெனியிலேயே ஃபைபர் எடுத்து, பழைய நம்பரை ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். செம்புக் கம்பிக்குத் தனி வாடகை நின்றுவிடும். மற்ற இரண்டு லேண்ட்லைனும் வேண்டாம், ஃபேக்ஸுக்கென்று வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். அந்தப் போர்டு நம்பரையே வாட்ஸாப் பிசினஸிலும் பதிவு செய்யலாம். சரிபார்க்கும் எண்ணை எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் வாட்ஸாப்பே போன் செய்து சொல்லும்.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வரும், அதனால் கரன்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபரில் கண்ணாடி இழைதான், கரன்ட் வராது. ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டி அணைந்தால் போனும் செத்துவிடும். அதற்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். விற்கிறார்கள், உள்ளங்கை அளவுதான் இருக்கும். பெட்டியின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதைத் தாங்குவதாக வாங்குங்கள். ‘நெட் அடிக்கடி போகுது’ என்று கூப்பிட்ட எத்தனையோ கடையில் நான் போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும், மோடம் மட்டும் சாதா பிளக்கில் தொங்கும்.

ஏற்காட்டுக்கு வருவோம். அங்கே கேபிள் எப்படி வருகிறது என்று உங்கள் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். போஸ்ட் இல்லாத இடத்தில் எஸ்டேட் ஓரத்துச் சில்வர் ஓக் மரத்தில் கட்டி இழுத்திருப்பார்கள். ஏப்ரல், மே கோடை மழையில் காற்றோடு கிளை முறிந்தால் முதலில் போவது அந்தக் கேபிள்தான். அறுந்தால் ஒட்டுவார்கள், அடுத்த மழைக்கு மறுபடி அறும், மறுபடி ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் வெளிச்சம் குறையும். லைன்மேன் கையில் அந்த வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் இருக்கும். கேபிள் முனையை அதில் செருகினால் மைனஸ் போட்டு ஒரு எண் காட்டும். மைனஸ் 20, 22 என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டிவிட்டால் பனி விழுந்தாலே நெட் போகும், பெட்டியில் எல்ஓஎஸ் (வெளிச்சம் வரவில்லை) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னும். பழுது பார்த்துவிட்டுப் போகும்போது அந்த எண்ணைக் கேட்டு, தேதியோடு பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மார்ச்சில் பார்த்து எண் மோசமாக இருந்தால், ஒட்டு வேலை போதாது, கேபிளையே மாற்றித் தாருங்கள் என்று சண்டை போட உங்களிடம் ஆதாரம் இருக்கும். ‘நெட் ஸ்லோ’ என்று பத்து முறை புகார் செய்வதைவிட ‘ரீடிங் மைனஸ் 28’ என்று ஒரு முறை சொன்னால் வேலை நடக்கும்.

அங்கே இரண்டாவது வழி டவர்தான். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு கம்பெனி ஆன்டெனாக்கள் ஒரே டவரில் தொங்குவது சகஜம். புயலில் ஒரு நாள் கரன்ட் இல்லை, டவர் பேட்டரி தீர்ந்தது, டீசல் ஊற்ற ஆள் ஏற முடியவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே படுத்துக்கொள்ளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனி தாங்கும் என்பதை விளம்பரத்தில் பார்க்க முடியாது. லாட்ஜ் பக்கத்து டீக்கடையிலும் எஸ்டேட் ரைட்டரிடமும் ‘அரை நாள் கரன்ட் இல்லைன்னா யார் போன்ல டவர் இருக்கு?’ என்று கேளுங்கள். அந்தக் கம்பெனி சிம்தான் உங்கள் ரௌட்டருக்கு. ஆன்டெனாவைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் டவர் இருக்கும் திசை பார்த்து மாட்டினால், அறைக்குள் ஒரு கோடு காட்டும் இடத்திலும் மூன்று கோடு கிடைக்கும். ‘சிக்னல் பூஸ்டர்’ விற்க வருபவரை மட்டும் உள்ளே விடாதீர்கள். அனுமதியில்லாமல் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம், சுற்றிலும் மற்றவர்கள் லைனையும் கெடுக்கும். டவர் எட்டாத அறைகளில் வைஃபை காலிங் ஆன் செய்துகொள்ளச் சொன்னால் போதும், தனிக் கட்டணம் இல்லாமல் போன் பேசலாம்.

ரிசப்ஷனுக்கும் விருந்தினருக்கும் ஒரே வைஃபை என்றால் அதைப் பிரித்துவிடுங்கள். 12 அறையிலும் சனிக்கிழமை ராத்திரி படம் ஓடினால் உங்கள் தம்பியால் புக்கிங் பக்கத்தைத் திறக்க முடியாது. நெட் இருந்தும் இல்லாத நிலை அது. விருந்தினர் பக்கம் ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று ரௌட்டரில் வரம்பு வைக்கலாம். லாட்ஜின் 1,499 ரூபாயைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் 500 கூடத்தான் செலவழிக்க வேண்டும்.

சிம்களில்தான் சத்தமில்லாமல் பணம் ஒழுகுகிறது. ஒரு தாளில் 14 நம்பரையும் எழுதி, எதிரே யார் கையில் இருக்கிறது, நெட் வேண்டுமா, பேச்சு மட்டுமா என்று குறியுங்கள். எனக்குத் தெரிந்து இப்படி எழுதிய எந்தக் கடையிலும் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிம்மாவது வராமல் இருந்ததில்லை. குடோன் வாட்ச்மேனுக்கும் லோடுமேன் மேஸ்திரிக்கும் எதற்கு 449 ரூபாய் பிளான்? பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜை எல்லாக் கம்பெனியும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது, ஒரு வருஷம் வரைக்கும் வேலிடிட்டி வைக்கலாம் என்றும் சொன்னது. கடைக்காரர் தானாகக் காட்ட மாட்டார், கேட்டு வாங்குங்கள். சேல்ஸ்மேன்களுக்கு நெட்டுள்ள ப்ரீபெய்டு. உங்கள் பெயரில், தம்பி பெயரில், கடைப் பெயரில் என்று நாலு போஸ்ட்பெய்டு இருந்தால் போதும்.

சிம்மை நிறுத்துவதற்கு முன்னால் பொறுமை வேண்டும். அந்த நம்பர் எந்த பேங்கில், ஜி.எஸ்.டி. போர்ட்டலில், ஈ.பி. கனெக்‌ஷனில், ஆதாரில் இருக்கிறது என்று பார்த்து மாற்றிய பிறகே நிறுத்துங்கள். நிறுத்திய நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் கரன்ட் அக்கவுன்ட் ஓ.டி.பி. அவர் போனில் கிணுகிணுத்தால் நன்றாக இருக்காது. அப்பா பெயரில் உள்ளவற்றை இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணங்களோடு முதலில் உங்கள் பெயருக்கு மாற்றி, பிறகு கடைப் பெயருக்குக் கொண்டுவாருங்கள். கம்பெனி மாற வேண்டிய நம்பருக்கு 1900-க்கு PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த நம்பரையும் போட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மாறுவதற்கான ரகசிய எண் வரும், தமிழ்நாட்டில் அது நாலு நாளுக்குச் செல்லும். கடைப் பெயரிலுள்ள இணைப்புக்குக் கடை லெட்டர்ஹெட்டில் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். சேல்ஸ்மேன் வேலையை விட்டுப் போனாலும் நம்பர் உங்களிடமே நிற்கும் என்பது கடைப் பெயரில் இருப்பதன் பெரிய லாபம்.

இன்னொரு லாபம் வரி. 14 சிம்முக்கு மாதம் 6,286 ரூபாய், அதில் 18 சதவீதம் 1,131. பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாததால் அதைத் திரும்ப எடுக்க முடியாமல் வருஷத்துக்குச் சுமார் 13,500 ரூபாயை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஹார்டுவேருக்கு நீங்கள் வரி கட்டி விற்பவர், கடை பில்லுக்கான வரியை எடுத்துக்கொள்ள வழி உண்டு. லாட்ஜ் கதை வேறு. 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீத வரி, ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது நீங்கள் வாங்கும்போது கட்டிய வரியை, எடுக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே பதிவு என்றால் எதை எப்படிப் பிரிப்பது என்று ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள், நான் அதில் வாய் வைக்கக்கூடாது.

மிச்சமெல்லாம் சில்லறை. குடோன் கேமரா பதிவாவது அங்கேயே இருக்கும் ஹார்டு டிஸ்கில். நெட் நீங்கள் எட்டிப் பார்ப்பதற்கு மட்டும்தான், ஆகவே 499 பிளானே அதிகம். ஸ்வைப் மெஷின் இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். அச்சடித்த க்யூஆர் அட்டைக்கு உங்கள் நெட்டே வேண்டாம், வாடிக்கையாளர் போனில் இருந்தால் போதும். இன்டர்காமுக்கு ஏ.எம்.சி. எதற்கு, கெட்டால் கூப்பிட்டுக் காசு கொடுத்துக்கொள்ளலாம்.

கூட்டிப் பார்த்தால் வரியோடு மாதம் 10,000-க்கு முன்னே பின்னே வந்து நிற்கும். பிளான் விலை மாறிக்கொண்டே இருக்கும், நான் போட்டதை அளவுக்கு வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் கேட்டுப் போட்டுப் பாருங்கள். ரௌட்டர், ஆன்டெனா, மினி யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து ஒரு முறைச் செலவு 15,000 முதல் 20,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாத மிச்சத்தில் வந்துவிடும்.

எதை நிறுத்தினாலும் எழுத்தில் நிறுத்துங்கள். என் ஆபீஸ் லைன் ஒன்றைப் போனிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர்கள் மோடத்தைப் பரணில் போட்டுவிட்டேன். ஏழு மாதம் பில் வந்தது, கடைசியில் வக்கீல் நோட்டீஸும் வந்தது. மோடத்தைக் கொடுத்ததற்கு ரசீது, டெபாசிட் திரும்ப வர வேண்டிய அக்கவுன்ட் நம்பர், புகார் எண், இவை மூன்றும் கையில் இருக்கட்டும். லீஸ்டு லைன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்துப் படியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அதில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

மகன் சொல்வது பாதி சரி. முதலில் மலையில் இரண்டாவது லைன் போடுங்கள், அது சீசனுக்கு முன்னால் முடிய வேண்டும். பிறகு கடையில் ஃபைபரும் சிம் ரௌட்டரும். அவை ஒரு மாதம் ஓடட்டும். அந்த மாதத்தில் ஒரு நாள், கடை பரபரப்பாக இருக்கும் பதினோரு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் ஃபைபர் வயரை நீங்களே பிடுங்குங்கள். பில் போடுவது நிற்கவில்லை என்றால், லீஸ்டு லைனை நிறுத்தும் கடிதத்தை மகனையே எழுதச் சொல்லுங்கள்.